பீப்பாய்க்கு நாலு, புட்டிக்கு எட்டு

வியாழன், 9 ஜனவரி 1997

காலையிலிருந்து உறைபனி. துணி வெளியே காயவில்லை, அடுப்பறைக் கொடியில் போட்டேன். பிற்பகல் ஆலயத்தில் பித்தளை வேலை. கிறிஸ்துமஸுக்கு முன் மிஸ் பெடோஸ் இடுப்பு முறிந்து படுத்ததிலிருந்து அது என் முறை. மெழுகுவர்த்தித் தண்டு ஆறு, காணிக்கைத் தட்டு இரண்டு, வேதாகமத்தைச் சிறகில் தாங்கி நிற்கும் கழுகு ஒன்று. கழுகுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆகிறது. துணியைச் சுருட்டி ஒவ்வோர் இறகின் இடுக்கிலும் விரலை விட்டுத் தேய்க்க வேண்டும். மிஸ் பெடோஸ் கழுத்துக்குக் கீழே தேய்த்ததே இல்லை போலிருக்கிறது. கர்த்தர் அவளுக்குச் சுகம் தரட்டும்.

அங்கிருந்து நேரே பேக்ஹார்ஸ் பப். என் வீட்டுக்காரர் ஹெட்லி முன்னாலேயே வந்து ஜன்னலோரம் பைப்பைப் பற்றவைத்து உட்கார்ந்திருந்தார். ஆளுக்கு அரை பைன்ட் டெம்பிள்வுட் பிட்டர் ஏல், பீப்பாயிலிருந்து. நிறம் தெளிவு. நுரை நன்று. வாயில் கசப்பும் இனிப்பும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஆனால் கண்ணாடிக் குவளையை முகத்தருகே கொண்டுபோகும்போது ஏதோ மருந்துக்கடை வாசம். மெல்லியதுதான்.

மதிப்பெண் பத்துக்கு 5. பப்பை நடத்தும் கிளிஃப் ப்ரீஸின் நிலவறையில் இருந்து வந்த ஏலுக்கு நான் ஏழுக்குக் கீழே போட்டு ஆறு வருடம் ஆகிறது.

ஹெட்லியைக் கேட்டேன். "நல்லாத்தானே இருக்கு" என்றார். அவருக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். முப்பது வருடம் பைப் பிடித்த மூக்கு.

சனி, 11 ஜனவரி

வீட்டில் புட்டி. அதே டெம்பிள்வுட் பிட்டர். வியாழனன்றே அலமாரியில் நிமிர்த்தி வைத்திருந்தேன், ஈஸ்ட் அடியில் படிய இரண்டு நாள் வேண்டும். ஒரே சாய்ப்பில், கை நிறுத்தாமல் ஊற்றினேன். அடியில் கலங்கல் விரற்கடை அளவு புட்டியிலேயே விட்டேன். ஹெட்லி அதையும் குடித்துவிடுவார், வயிற்றுக்கு நல்லது என்பார்.

புட்டியில் காற்று கொஞ்சம் அதிகம், நாக்கைக் குத்தும். பீப்பாயில் இருந்து வருவதற்கு உள்ள திரண்ட ருசி இதில் கிடையாது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியதற்கும் மறுபடி சூடு செய்ததற்கும் உள்ள வித்தியாசம் என்று ஹெட்லிக்குச் சொல்வேன். ஆனாலும் சுத்தமான புட்டி. ஆப்பிள் தோல், ரொட்டி மேலோடு, முடிவில் ஹாப்ஸ் பூவின் கசப்பு. 8.

பதினோரு வருடமாக வீட்டுக் கணக்குப் புத்தகத்தைப் பின்பக்கமிருந்து திருப்பி ஏலுக்கு எழுதி வருகிறேன். தேதி, பப், ஏல், பீப்பாயா புட்டியா, பீப்பாய் திறந்து எத்தனையாவது நாள், மதிப்பெண். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவள். நூலகத்துப் புத்தகங்களையும் என் நாக்கையும் வைத்துக் கற்றதுதான் எல்லாம். இந்தப் பதினோரு வருடத்தில் டெம்பிள்வுட் புட்டி, பேக்ஹார்ஸ் பீப்பாயை முந்துவது இதுவே முதல் தடவை.

வியாழன், 16 ஜனவரி

பித்தளை. பிறகு பேக்ஹார்ஸ். பிட்டர் 4. கசப்புக் குறைந்த மைல்ட் ஏலும் 4. இரண்டிலும் அதே வாசம்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிளிஃபை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் என் கண்ணாடியை வாங்கி மோந்து பார்த்தார். மறுபடி மோந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே, ஒல்வென்."

"லேசாத்தான் இருக்கு. மருந்து மாதிரி."

"குழாய் கழுவுன தண்ணி நின்னுருக்குமோ? திங்கக்கெழமைதான் கழுவுனேன். ரெண்டு தடவை அலசினேன்." முகம் வாடிவிட்டது. "நீ சொன்னா இருக்கும். நான் பாக்குறேன்."

அவர் மனைவி டாட் கல்லாவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். டாட்டும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். "ஒல், உன் நாக்குக்கு ஜலதோஷமா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சனி, 18 ஜனவரி

கிளிஃபுக்கு அறுபது வயது. பேக்ஹார்ஸில் பன்றிக்கறிப் பை, ஊறுகாய் வெங்காயம், கேக். பிட்டர் அற்புதம். மருந்து வாசம் அறவே இல்லை. 8. புதுப் பீப்பாயா என்று கேட்டேன். வியாழக்கிழமை குடித்த அதே பீப்பாய்தான் என்றார். சில பீப்பாய் மூன்றாம் நாள் தேறும். அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படியே எழுதினேன்.

வியாழன், 23 ஜனவரி

மறுபடி 4. இந்த வாரம் முதல் நாள் பீப்பாய்.

கிளிஃப் நிறைய செய்திருக்கிறார். குழாயை மாற்றியிருக்கிறார். பீப்பாயில் அடிக்கும் மர ஆப்பு எல்லாம் புதிது. போன வாரத்து மைல்ட் முக்கால் பீப்பாயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டாராம். நான் சொன்னதற்காக.

ஏல் சங்கத்தின் எங்கள் கிளைச் செயலாளர் ரொனால்ட் ஸ்பூனரும் இன்று வந்திருந்தார். நான் சொல்வதற்கு முன் அவர் அரை பைன்ட் குடித்து முடித்து உதட்டைத் துடைத்திருந்தார். சொன்ன பிறகு இன்னொன்று வாங்கி, கண்ணை மூடி, "ஆமா, இருக்கு. பின்னாடி லேசா இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஹெட்லி, "அந்த ஆளுக்கு நீ மண்ணெண்ணெய்னு சொல்லியிருந்தா மண்ணெண்ணெயும் தெரிஞ்சிருக்கும்" என்றார். பொறாமையா இது, உண்மையா? சங்கத்தில் என் பேச்சுக்கு மதிப்பு இருப்பது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஜெபத்தில் அதைச் சொன்னேன்.

வியாழன், 30 ஜனவரி

பிட்டர் 4. டாட் அரை பைன்டை வைத்துவிட்டு, "இந்தாங்க, மிஸஸ் ட்ரான்டர்" என்றாள். ஐம்பது வருடத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

செவ்வாய், 11 பிப்ரவரி

நாளை சாம்பல் புதன். முட்டையையும் வெண்ணெயையும் தீர்க்க அப்பம் பதினொன்று சுட்டேன், ஹெட்லி ஏழு தின்றார். போன வியாழன் பேக்ஹார்ஸ் பிட்டர் மறுபடி 4. இன்று நோன்புக்கு முன் கடைசி புட்டி டெம்பிள்வுட், 8. ஈஸ்டர் வரை ஏல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகள் லெந்து நோன்புக் கணக்கில் சேராது என்று ஹெட்லி வருடா வருடம் வாதாடுவார். எனக்குச் சேரும்.

சங்கம் அச்சிடும் இந்த வருடத்து நல்ல ஏல் கையேட்டில் எந்தெந்தப் பப்பைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் கூட்டம் 26ஆம் தேதி. ரொனால்ட் என் புத்தகத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார். ஊரில் பேக்ஹார்ஸுக்கு என்னைப் போல் வாராவாரம் குறித்தவர் வேறு யாரும் இல்லை.

ஏல் வடித்து அனுப்பும் டெம்பிள்வுட்காரர்கள் கிளிஃபிடம் முன்பே சொல்லிவிட்டார்களாம். கையேட்டில் பெயர் இருக்கும்வரை பீப்பாயிலிருந்து ஏல் இழுக்கும் கைப்பம்பு இருக்கும். பெயர் போனால் பீப்பாய் ஏலை நிறுத்திவிட்டு, வாயு அடைத்து வரும் அந்த வழவழப்பு பீரைத்தான் தருவார்கள். இதை ஹெட்லி சொன்னார். டாட் அவரிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

நாக்கு சொன்ன மதிப்பெண்ணைக் குறைத்தும் கூட்டியும் போடுவதானால் புத்தகம் எதற்கு?

புதன், 26 பிப்ரவரி

கூட்டம் நூலகத்துப் பின்னறையில். ஏழு பேர். ரொனால்ட் என் பக்கங்களை உரக்க வாசித்தார். ஐந்து, நான்கு, நான்கு, நான்கு, நான்கு. இடையில் ஒரு சனிக்கிழமை எட்டு. "ஒரு நாள் நல்லா இருக்கு, மறுபடி கெட்டுப்போகுது. நிலவறையில ஒழுங்கு இல்லேன்னுதானே அர்த்தம்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், தான் நவம்பரில் குடித்தது நன்றாக இருந்தது என்றார். "மிஸஸ் ட்ரான்டர் புத்தகம் நமக்கு வேதம் மாதிரி" என்றார் ரொனால்ட்.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றேன்.

சிரித்தார்கள். பேக்ஹார்ஸ் நீங்கியது. ஏழுக்கு ஐந்து. நான் கை தூக்கவில்லை. எதிர்த்தும் தூக்கவில்லை.

செவ்வாய், 4 மார்ச்

நேற்று டெம்பிள்வுட் ஆள் வந்து பேக்ஹார்ஸில் மைல்ட் பம்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். பிட்டர் பம்பு ஈஸ்டருக்கு அப்புறம். கிளிஃப் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லையாம். இறைச்சிக் கடையில் கேள்விப்பட்டேன். ஆட்டு ஈரல் வாங்கப் போனவள் வாங்காமல் வந்துவிட்டேன்.

வியாழன், 6 மார்ச்

பித்தளை. லெந்து என்பதால் பீடத்துத் தண்டுகளை மூடி வைத்திருக்கிறார்கள். கழுகு மட்டும்தான், அதனால் கழுகுக்கு ஒன்றரை மணி நேரம்.

பேக்ஹார்ஸுக்கு மூன்று வாரமாகப் போகவில்லை. ஹெட்லி ஆலய வாசலிலேயே நின்றிருந்தார். "இன்னைக்கு வர்ற. நாம போகலேன்னா தப்பு பண்ணவங்க மாதிரி இருக்கும்" என்றார். போனோம்.

மைல்ட் பம்பு இருந்த இடத்தில் பலகையில் நாலு திருகு ஓட்டை. பளிச்சென்று தெரிகிறது. ஹெட்லிக்குப் பிட்டர். எனக்குத் தண்ணீர் கேட்டேன். டாட் குழாயில் பிடித்து வைத்தாள்.

கண்ணாடியைத் தூக்கினேன்.

மருந்து வாசம்.

தண்ணீரில்.

கண்ணாடியைக் கீழே வைத்தேன். கையும் கீழே போயிற்று, வாசமும் போயிற்று. மறுபடி தூக்கினேன், வந்தது. இடது கையால் மேஜையோடு வைத்து, குனிந்து மோந்தேன் — ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர்.

வலது கையை மூக்கருகே கொண்டுபோனேன்.

ஹெட்லி, "என்ன ஆச்சு உனக்கு?" என்றார். கம்பளிக் கையுறையை எடுத்து மோந்தேன். அதிலும். அது இன்னும் பலமாக. ஆண்டவரே. பித்தளை பாலிஷ்.

வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளி, 7 மார்ச்

அவசரப்பட்டு ஒரு தப்பு செய்தவள் அவசரப்பட்டு இன்னொன்றைச் செய்யக் கூடாது. அதனால் சோதித்தேன். ஹெட்லியை ஒரு புட்டியைத் திறந்து இரண்டு கண்ணாடியில் ஊற்றச் சொன்னேன். கண்ணைக் கட்டிக்கொண்டேன். பாலிஷ் துணியைத் தேய்த்த கையால் ஒன்றை, சோப்புப் போட்டுக் கழுவிய கையால் மற்றதை அவரே பிடித்து என் மூக்கருகே காட்ட வேண்டும். குடிக்கவில்லை, மோந்தது மட்டும்தான்.

ஆறு தடவை மாற்றி மாற்றிக் காட்டினார். ஆறு தடவையும் சொல்லிவிட்டேன்.

"அடேங்கப்பா, போலீஸ் நாய் கெட்டுது போ" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இரண்டு கண்ணாடியையும் அவர்தான் குடித்தார்.

புத்தகத்தை எடுத்தேன். ஐந்து வியாழன். ஐந்திலும் ஆலயத்திலிருந்து நேரே போயிருக்கிறேன். ஆலயப் பின்னறைக் குழாயில் பச்சைத் தண்ணீர் மட்டும்தான், சோப்பு கிடையாது. சனிக்கிழமை எட்டு: பித்தளை கிடையாது. வீட்டில் புட்டி எட்டு: பாத்திரம் தேய்த்து, கை கழுவிய பிறகு. எல்லாம் அங்கேதான் இருக்கிறது, என் கையெழுத்தில், கோடு போட்டு. அதைப் பார்த்துக்கொண்டே பீப்பாய் மூன்றாம் நாள் தேறியது என்று எழுதியிருக்கிறேன்.

கிளிஃபுக்கு வாசம் தெரியாதது ஏன்? அவர் கண்ணாடியைத் தன் கையால் பிடித்தார். ஹெட்லி தன் கையால். இந்த ஊரில் என்னைத் தவிர எல்லாரும் ஏலை மட்டும்தான் மோந்திருக்கிறார்கள்.

அப்படியானால் ரொனால்ட் மோந்தது என்ன? அது அவர் பாடு. என் பாடு எனக்கு.

சொல்லத்தான் வேண்டும். சொன்னால் பதினோரு வருடத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். சொல்லாவிட்டால் ஈஸ்டருக்கு அப்புறம் பிட்டர் பம்பும் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தும் மத்தியானம் முழுக்க யோசித்தேன். ஒரு தடவை, குழாய் மாற்றிய பிறகு ஏல் தேறிவிட்டது என்று மட்டும் ரொனால்டுக்கு எழுதினால் போதாதா என்றுகூட நினைத்தேன். அதைத்தான் எழுதி வைக்கிறேன், நினைத்தேன் என்று.

ஞாயிறு, 9 மார்ச்

அன்னையர் ஞாயிறு. ஆராதனையில் பிள்ளைகள் வயலட் கொத்து கொடுத்தார்கள். திருவிருந்துக்குக் கை நீட்டும்போது என் விரல்களையே பார்த்தேன்.

முடிந்ததும் பேக்ஹார்ஸ் பின்வாசலுக்குப் போனேன். டாட் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கிளிஃப் கோட்டு போட்டுக்கொண்டு செய்தித்தாள். நின்றபடியே சொன்னேன். பித்தளை, கழுகு, கையுறை, தண்ணீர் எல்லாம். கிளிஃப் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

கடைசியில் டாட் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பித்தளை பாலிஷா?"

"ஆமா."

"ரெண்டு பீப்பாயைச் சாக்கடையில ஊத்துனாரு, ஒல். ரெண்டு. நல்ல ஏலு. இவரு மூக்கு போச்சுன்னு போன மாசம் டாக்டருகிட்ட போயி நின்னாரு, தெரியுமா உனக்கு? மூக்குல குழாய விட்டுப் பாத்தாங்க."

தெரியாது. எப்படித் தெரியும்? — இல்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கிளிஃப் மெதுவாகச் சொன்னார். "டெம்பிள்வுட் ஆளு மைல்டைக் கழட்டவான்னு கேட்டப்போ கழட்டிக்கன்னுட்டேன். வாசம் தெரியாதவன் பீப்பாயை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு." அதற்குப் பிறகு, "அப்ப எனக்கு மூக்கு நல்லாத்தான் இருக்கா?" என்றார்.

"உங்க மூக்குதான் நல்லா இருக்கு, கிளிஃப். என்னுதுதான்—"

"உன் மூக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் டாட். "கைதான் கழுவல."

மன்னிப்புக் கேட்டேன். சரி என்று அவள் சொல்லவில்லை. வயலட் கொத்தை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய், 11 மார்ச்

பேருந்தில் போய் ரொனால்டைப் பார்த்தேன். எழுதிக் கொண்டுபோனேன், இரண்டு பக்கம், தேதிவாரியாக. படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பட்டியல் அச்சுக்குப் போயிடுச்சு, மிஸஸ் ட்ரான்டர். திருப்பி வாங்க முடியாது."

"அப்ப டெம்பிள்வுட்டுக்கு எழுதுங்க. தப்பு என்னுதுன்னு எழுதுங்க."

"எழுதினா உங்க புத்தகம் முழுக்கச் சந்தேகம் வரும். மத்த பப்காரங்களும் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னைக்கு எனக்கும் வாசம் வந்ததே" என்றார். ஒரு தாளை எடுத்து எழுதினார். அந்த வரியையும் சேர்த்து எழுதினார், தனக்கும் வந்ததாகச் சொன்னது தவறு என்று. அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

மிஸ் பெடோஸிடமும் ஒரு வார்த்தை சொல்லி, பித்தளை வேலையைச் செவ்வாய்க்கு மாற்றச் சம்மதம் வாங்கினேன். படுத்த படுக்கையிலும் அது அவள் அதிகாரம்.

ஞாயிறு, 30 மார்ச்

ஈஸ்டர். கழுகு மின்னியது. புட்டி திறக்கவில்லை. முதல் அரை பைன்ட் அங்கேதான் என்று வைத்திருக்கிறேன், அவர்கள் தந்தால்.

வியாழன், 3 ஏப்ரல்

ஹெட்லிக்கு முதுகுவலி. போகவில்லை. முதுகுவலிதான் காரணம் என்று எழுதுகிறேன். முழு உண்மை அல்ல.

திங்கள், 7 ஏப்ரல்

டெம்பிள்வுட் ஆள் வந்திருந்தார் என்று ஹெட்லி சொன்னார். பம்பைக் கழற்றும் சாமானோடு வந்தவர், ரொனால்டின் கடிதத்தையும் கொண்டுவந்திருக்கிறார். ஒரு பைன்ட் கேட்டுக் குடித்தாராம். இன்னொன்று கேட்டாராம். சாமான் பை திறக்கவே இல்லை. ஒரு வருடம் பார்க்கலாம் என்றாராம். மைல்ட் திரும்பி வராது. இங்கே மைல்ட் குடிக்கிறவர்கள் நாலு பேர்தான், நாலு பேருக்காகப் பம்பு வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்.

அந்த நாலு பேரில் இருவர் ஆலயத்தில் எனக்கு முன் வரிசையில் உட்காருகிறவர்கள்.

வியாழன், 10 ஏப்ரல்

காலையில் திரைத்துணி துவைத்தேன். நல்ல வெயில், மத்தியானத்துக்குள் காய்ந்தது. புத்தகத்தில் புதுக் கட்டம் ஒன்று கோடு போட்டேன். மதிப்பெண்ணுக்கு முன்னால், குறுகலாக.

ஆறு மணிக்குப் பேக்ஹார்ஸ். ஹெட்லி ஜன்னலோரம் போய்விட்டார், என்னைத் தனியாகக் கல்லாவில் விட்டுவிட்டு. வேண்டுமென்றே.

மைல்ட் பம்பு இருந்த இடத்தில் திருகு ஓட்டை தெரியவில்லை. அதன் மேல் ஒரு பீங்கான் தட்டு. தட்டில் புதுச் சோப்பு, பச்சை நிறம். பக்கத்தில் மடித்த துண்டு.

டாட் பிட்டர் பம்பில் கை வைத்தபடி நின்றாள்.

"சமையலறையில சுடுதண்ணி வருது, ஒல்" என்றாள்.

சோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கிளிஃப் நிலவறைப் படியில் ஏறி வந்துகொண்டிருந்தார். நகர்ந்து வழி விட்டார். மணிக்கட்டு வரை தேய்த்துக் கழுவினேன். பித்தளை செவ்வாயோடு முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

டெம்பிள்வுட் பிட்டர், பீப்பாய், இரண்டாம் நாள். புட்டியில் கிடைக்காத அந்தத் திரண்ட ருசி. ரொட்டி மேலோடு, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல், கசப்பு மெல்ல வந்து மெல்லப் போகிறது.

கை: சுத்தம். 9.